போனில் "காலி இருக்கிறது", நேரில் "காலி இல்லை"

கேள்வி: அட்லாண்டா பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்குப் போனில் கேட்டோம். "காலியாக இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார் மேனேஜர். சனிக்கிழமை நானும் கணவரும் போய் நின்றதும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்று காலையில்தான் ஒருவர் எடுத்துவிட்டார்" என்றார். திங்கட்கிழமையும் அதே வீட்டுக்கு இணையத்தில் விளம்பரம் இருந்தது. கணவரோடு வேலை பார்க்கும் வெள்ளைக்கார நண்பரைக் கூப்பிடச் சொன்னோம். அவரிடம் "எப்போது குடிவருகிறீர்கள்?" என்று கேட்டாராம்! நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். வழக்குப் போடலாமா, வீண் வம்பா?

பதில்: போடலாம். அமெரிக்காவில் 1968-ல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்கிறது. குடியுரிமை இருப்பவருக்குத்தான் என்று அதில் இல்லை. காலியாக உள்ள வீட்டை இந்தக் காரணங்களுக்காகக் காலி இல்லை என்று பொய் சொல்வதைத் தனியாகவே குறிப்பிட்டுத் தடுக்கிறது. அதனால் அவர் உங்களைத் திட்டினாரா, முகம் சுளித்தாரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். விசா காகிதம் கேட்கலாம், ஆனால் வருகிற எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

உங்களுக்கே தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். நண்பரைப் பேசவிட்டதற்கு இங்கே 'டெஸ்டிங்' என்று பெயர். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் பக்கம், வீடு தேவையே இல்லாமல் சோதிக்கவென்றே போன கோல்மன் என்ற கறுப்பினப் பெண்ணிடம் காலி இல்லை என்றார்கள். வெள்ளைக்காரரிடம் இருக்கிறது என்றார்கள். பொய்த் தகவல் பெற்றவர் என்ற முறையில் அவரே வழக்குப் போடலாம் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்கே அப்படி என்றால், உண்மையிலேயே வீடு தேடிப் போன உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் நண்பரின் ஒரு போன் மட்டும் போதாது. "இவர்கள் கிரெடிட் ஸ்கோர் சரியில்லை, சம்பளம் போதவில்லை" என்றுதான் அந்தப் பக்கத்து வக்கீல் தொடங்குவார். அதனால் உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ஃபேர் ஹவுசிங் அமைப்பிடம் போங்கள். சம்பளம், குடும்ப அளவு எல்லாம் ஒத்துப்போகிற இருவரை அவர்கள் அனுப்பிப் பார்ப்பார்கள். வீடு நிஜமாகவே போய்விட்டால் சோதிக்க ஒன்றும் இருக்காது, ஆகவே இந்த வாரமே போங்கள்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, யார், என்ன வார்த்தை. விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போன் கால் பட்டியலை எடுத்து வையுங்கள். நண்பரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதைக் காட்டிவிட்டு வேண்டாம், பிறகு இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்பார்கள்.

வழி இரண்டு. ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. 100 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்பது கணக்கு. அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் நேராக நீதிமன்றம் போகலாம், ஹட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றில்லை. அந்த வீடேதான் வேண்டுமென்றால் என் யோசனை உடனே வக்கீல். வழக்கு முடியும்வரை வீட்டை வேறு யாருக்கும் விடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்து வைக்க முடியும். விஷயமே தெரியாத வேறொருவர் ஒப்பந்தம் போட்டுவிட்டால் அவரைக் கிளப்ப முடியாது.

நஷ்டஈட்டில் வேறு வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த வாடகை, இடையில் தங்கிய மோட்டல் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேரும். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், அதனால் முன்பணம் வாங்காமல் எடுத்துக்கொள்ளும் வக்கீல்களும் உண்டு. புகார் கொடுத்ததற்காக மிரட்டினால் அதுவே இன்னொரு சட்டமீறல்.

கேள்வி: நியூஜெர்சியில் எங்கள் வீட்டு மேல்மாடியை வாடகைக்கு விடுகிறோம். "இந்தியக் குடும்பங்களுக்கு மட்டும், சைவம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மகள் திட்டுகிறாள்.

பதில்: மகள் சொல்வது சரி. மேலே உள்ள கேள்வியை அந்த மேனேஜர் இடத்தில் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். உரிமையாளரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, மொத்தம் நான்கு வீட்டுக்கு மேல் இல்லையென்றால் மத்திய சட்டத்தில் கொஞ்சம் விலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் பலர் உங்களை உசுப்பிவிடுவார்கள். விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது, வாட்ஸ்அப்பும் விளம்பரம்தான். இனம் பார்த்து மறுப்பதற்கு 1866-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அதில் சின்ன வீடு பெரிய வீடு என்ற பேச்சே இல்லை.

சைவம் என்பது சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் மதத்தையும் நாட்டையும் சலித்தெடுக்கும் சல்லடையாக அதை வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் அந்தப் பதிவை எடுங்கள். இரண்டு படுக்கையறை, மேல்மாடி, வாடகை இவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் போடுங்கள். முதலில் கேட்பவருக்கு முதலில் காட்டுங்கள்.