டைப்பிங்குக்கு ஒரு பீரியட் கேளுங்கள்

கேள்வி: என் மகன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான். எழுதச் சொன்னால் நாலு வரிக்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். டிஸ்கிராஃபியா, அதாவது கையால் எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டோம். டைப்பிங் சொல்லிக்கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டேன். "அதை வெளியில் பார்த்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் லேப்டாப் கொண்டுவரட்டும்" என்கிறார்கள். நான் கேட்டது அதிகப்படியா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அதிகப்படியே இல்லை, சகோதரி. லேப்டாப்புக்குச் சம்மதித்தார்கள் அல்லவா, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதோடு திரும்பி வந்துவிடவும் வேண்டாம். டைப்பிங் தெரியாத பிள்ளை ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவான், பென்சிலைவிட நேரமாகும். ரெண்டு மாதத்தில் "இதுவும் அவனுக்கு வரவில்லை" என்று லேப்டாப் பீரோவுக்குள் போய்விடும். அப்படிப் போனதைப் பார்த்த வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அதன் 16-ஆவது பிரிவு, பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதியும் கற்பிக்கும் முறையும் தரவேண்டும் என்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகள், மருத்துவரோ உளவியல் நிபுணரோ பரிந்துரைத்தால், இணையம் இல்லாத கம்ப்யூட்டரில் விடை அடிக்கலாம். பத்தாம் வகுப்பில் திடீரென்று அது கைவராது. இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

ஆகவே முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். சான்றிதழ் நகலை இணைத்து, "வாரத்தில் மூன்று நாள், கம்ப்யூட்டர் லேபில், ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருபது நிமிடம் டைப்பிங்" என்று திட்டமாகக் கேளுங்கள். எந்த பீரியடில் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். விளையாட்டு பீரியடை மட்டும் எடுக்க விடாதீர்கள், பாவம். மனு கிடைத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு எந்த விசைப்பலகை என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் முறை வேண்டாம். ஒரு சொல்லுக்கு ரெண்டு மொழி எழுத்துக்கூட்டல் அவனுக்குப் பாரம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைச் சிபாரிசு செய்கிறேன். உயிரெழுத்து இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. 'கொடி' என்று கையால் எழுத, முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று காதில் விழாத வரிசையில் போகவேண்டும். நிறையப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்99-இல் க, ஒ, ட, இ: சொல் எப்படி ஒலிக்கிறதோ அதே வரிசை. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. புள்ளி தானாக விழும். பழைய தட்டச்சுமுறையில் கொம்பைத்தான் முதலில் அடிக்கவேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் தமிழுக்குப் பெரும்பாலும் அந்தப் பழைய முறைதான். ஆங்கிலத்துக்கு மட்டும், பொறுமையான ஆசிரியர் கிடைத்தால் விடுமுறையில் சேருங்கள். லோயர் பரீட்சை, வேகம் என்ற பேச்சே இப்போது வேண்டாம்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். கண் திரையில் இருக்கட்டும், விரல் தானாக இடம் பிடிக்கும். முதல் மாதம் மெதுவாகத்தான் போகும், பதறாதீர்கள். விரல் பழகியதும் பாடத்தை அடிக்கச் சொல்லவேண்டாம். நேற்றைய கிரிக்கெட் மேட்சை உங்களிடம் வாயால் சொல்வானே, அதை அடிக்கட்டும். அன்றைக்கு எழுத்துப்பிழை எதையும் திருத்தாதீர்கள்.