பேயே இல்லாத படத்தில் என்ன பயம்?

கேள்வி: மகன் சொன்னானே என்று ‘தி விக்கர் மேன்’ என்ற 1973ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். பேய் இல்லை, பாதி நேரம் பாட்டும் கூத்தும்தான். 50 வருடம் கழித்தும் இதை ஏன் கொண்டாடுகிறார்கள்? எந்தப் பதிப்பைப் பார்த்தால் நல்லது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அந்தப் பாட்டும் கூத்தும்தான் அக்கா பயமே. காணாமல் போன சிறுமியைத் தேடி, பக்தியுள்ள கிறிஸ்துவரான சார்ஜென்ட் ஹோவி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்குத் தனியாக வருகிறார். யாரும் அவரை அடிக்கவில்லை, விரட்டவில்லை. சிரித்த முகத்தோடு பொய் சொல்கிறார்கள். பள்ளியில் அந்தச் சிறுமியின் மேசையைத் திறப்பாரே, நினைவிருக்கிறதா? உள்ளே ஓர் ஆணி, அதில் நூல், நூலின் மறுமுனையில் ஒரு வண்டு. ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஆணியோடு ஒட்டிக்கொள்ளுமாம். கூடப் படிக்கும் பிள்ளை வெகு சாதாரணமாகச் சொல்கிறாள். ஹோவியின் கதையும் அதுதான்.

எனக்கு அதைவிட உறைத்தது தீவின் சொந்தக்காரர் லார்ட் சம்மரைல். கிறிஸ்டோபர் லீ சம்பளம் வாங்காமல் நடித்த வேடம். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அவர் பேசத் தொடங்கியதுமே ‘துரை’ என்று தோன்றிவிட்டது. அவருடைய தாத்தா 1868இல் அந்தத் தரிசுத் தீவை வாங்கிப் புதுரகப் பழமரங்களை நட்டார். சனங்கள் மனம் வைத்து உழைக்க வேண்டுமே, அதற்காக அவர்களுடைய பழைய தெய்வங்களைத் திருப்பிக் கொடுத்தார். தாத்தா காரியத்துக்காகத் தொடங்கியதை அப்பா ஆசையோடு தொடர்ந்தாராம். நம் தோட்டங்களிலும் கோயிலுக்கு இடம் விட்ட துரைமார்தான் கள்ளுக்கடைக்கும் இடம் விட்டார்கள். ஆட்கள் தோட்டத்தைவிட்டுப் போகக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் என் பாட்டி மாரியம்மனைக் கும்பிட்டதில் எந்தக் கணக்கும் இல்லை. அந்தத் தீவுச் சனங்களும் அப்படி உண்மையாக நம்புகிறவர்கள்தான். விளைச்சல் பொய்த்த வருடத்தில் அந்த நம்பிக்கை உயிர்ப்பலி கேட்கிறது, அவர்களும் கைகோத்துப் பாடிக்கொண்டே கொடுக்கிறார்கள். பேய்ப்படத்தில் பேய் போய்விட்டால் நிம்மதி. இங்கே போவதற்கு யாருமில்லை.

முடிவில், “அடுத்த வருடமும் விளையாவிட்டால் உன்னைத்தான் பலி கேட்பார்கள்” என்று ஹோவி துரையிடமே சொல்கிறார். “பொய்க்காது!” என்று துரை கத்துகிறார். அந்த ஒரு நொடி லீயின் முகத்தை மறுபடியும் பாருங்கள். அவர் நம்புகிறாரா, நடிக்கிறாரா என்று இன்றுவரை என்னால் முடிவுகட்ட முடியவில்லை.

இன்னொன்று. மே மாதக் கதையைக் குளிர்காலம் நெருங்கும்போது எடுத்திருக்கிறார்கள். மரத்தில் நீங்கள் பார்த்த பூவெல்லாம் ஒட்டுப்பூ.

சரி, பதிப்பு. 1973இல் படத்தை 87 நிமிடமாகச் சுருக்கி, வேறொரு படத்துக்குத் துணைப்படமாக ஓட்டினார்கள். துரை அதில் தாமதமாகத்தான் தலைகாட்டுவார். 2013இல் வந்த ‘ஃபைனல் கட்’டில் முன்னாலேயே வந்துவிடுகிறார், கதைக்கு அதுதான் சரி. 2006இல் நிக்கோலஸ் கேஜ் நடித்த ரீமேக்கும் அதே பெயரில்தான் இருக்கிறது. மகனிடம் ஆண்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.