வாசகர் கேள்வி: லே முகாமில் 96 கி.மீ. தொடர் ஓட்டம்

கேள்வி: லேயில் பணியில் இருக்கிறோம். ஆகஸ்டில் முகாமுக்குள்ளேயே நீண்ட தொடர் ஓட்டம் ஒன்று நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். அணிக்கு எத்தனை பேர், எவ்வளவு தூரம் வைக்கலாம்? – ஹவில்தார் ஒருவர், லடாக்

பதில்: தூரம் இருக்கட்டும், முதலில் டியூட்டி பட்டியலை எடுங்கள். அன்று சென்ட்ரி நிற்பவர்கள், அவசர அழைப்புக்கு விரையும் குழுவான க்யூ.ஆர்.டி.யில் இருப்பவர்கள், முந்தின இரவு காவல் முடித்தவர்கள் எல்லோரையும் கழித்து மிஞ்சுபவர்களில்தான் அணி. ஒரே செக்‌ஷனிலிருந்து ஆள் எடுத்தால், திடீர் அழைப்பு வரும்போது அந்த செக்‌ஷனே களைத்துக் கிடக்கும். கலந்து எடுங்கள்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். வந்ததும் 6 நாள் உயரத்துக்கு உடலைப் பழக்குகிறோமே, அது வழக்கமான வேலைக்குப் போதும், பந்தயத்துக்குப் போதாது. குறைந்தது 3 வாரம் இருந்தவர்களையே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. விடுப்பு முடிந்து இப்போதுதான் மேலே வந்தவர் எவ்வளவு நல்ல ஓட்டக்காரரானாலும் வேண்டாம். கீழே போன உடல் பழக்கத்தை இழந்துவிடும். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து திரும்பி வருபவருக்கும் உண்டு. உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் விடாமல் வந்தால், அவரை நடக்கவிடாமல் முகாமின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குத் தூக்கிச் சென்று ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வண்டி, டிரைவரோடு, நாள் முழுதும் நிற்கட்டும்.

3 கி.மீ. சுற்று, 8 பேர், ஆளுக்கு 4 முறை. ஆக 32 சுற்று, 96 கி.மீ. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் மொத்தம் 9 மணி 36 நிமிடம். பிற்பகலில் கால் தளரும், எனவே ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே முடியும். மாற்று ஆள் இருவர் கட்டாயம்.

குழப்பம் வருவது பெரும்பாலும் கோல் மாற்றும் இடத்தில்தான். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒருவருக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கிடைக்கிறது. லங்கரில் (முகாம் சமையற்கூடம்) டீ குடிக்கப் போவார், அல்லது தூங்கிவிடுவார். கோலோடு வந்தவர் கோட்டில் நின்று கத்திக்கொண்டிருப்பார். கரும்பலகையில் ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுதி, சுற்றுக்கு ஒரு முறை திருத்துங்கள். தனக்கு முந்தியவர் கிளம்பும்போதே அடுத்தவர் வந்து நிற்க வேண்டும், ஜாக்கெட்டைக் கழற்றாமல். காற்றில் உடல் ஆறியபின் ஓடினால் தசை பிடித்துக்கொள்ளும். முதல் சுற்றில் வேகம் காட்டுபவரை அடக்குங்கள். மூன்றாவதில் அவர்தான் நடப்பார்.

கேள்வி: தூரம் அளக்க ஜி.பி.எஸ். கடிகாரம் போதாதா?

பதில்: வேண்டாம், ஓடுபவர்களும் கட்ட வேண்டாம். ஓடும் தடத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் வீரர்கள் முகாமுக்குள் ஓடிய தடங்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. ஒரு சைக்கிள் போதும். டயரில் சுண்ணாம்புக் குறி போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் பத்துச் சுற்று உருட்டி நீளத்தை அளந்து, பத்தால் வகுங்கள். 2.1 மீட்டர் வந்தால் 3 கி.மீ.க்குச் சக்கரம் 1,429 சுற்று. எண்ணுவதற்கு இருவர் இருக்கட்டும்.