ஆப்டோமெட்ரி கல்லூரியில் உங்கள் மகளுக்கு யார் துணை?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த உங்கள் மகள், கண் பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதக் கற்றுத்தரும் ஆப்டோமெட்ரி பட்டப் படிப்பில் (பி.ஆப்டம்) சேர விரும்புவதையும், "பாடம் பிடிபடவில்லை என்றால் அவள் யாரிடம் போய் நிற்பாள்?" என்று நீங்கள் கலங்குவதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் கட்டணத்தையும் சம்பளத்தையும் பற்றித்தான் கேட்பார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் கேள்வியே என்பது என் உறுதியான எண்ணம்.

இதுவரை பெரும்பாலும் நான்கு ஆண்டுப் படிப்பாக, கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சியாக நடத்தப்பட்டுவரும் இப்படிப்பில் மாணவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். முதலாவது, தொடக்கத்திலேயே வரும் ஒளியியல். கணிதம் இல்லாத பிரிவில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு லென்ஸ் கணக்குகள் மலைப்பைத் தரும். அவர்களுக்காகத் தனியே அடிப்படை வகுப்பு நடத்தும் கல்லூரிகளில் இந்தத் தடுமாற்றம் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதும் கடினமானதும், கருவியைக் கையில் எடுக்கும் கட்டம். இருட்டறையில் ரெட்டினோஸ்கோப்பின் ஒளிக்கீற்றை எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் செலுத்தி, கண்மணியில் தெரியும் செந்நிற ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி அந்த அசைவை நிறுத்தி, 67 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்திருந்தால் கிடைத்த அளவில் 1.50 டயாப்டரை (டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அலகு) கழித்து, கண்ணின் பவரைச் சொல்ல வேண்டும். எழுத்தைப் படித்துக் காட்டத் தெரியாத குழந்தைக்குக் கண்ணாடி எழுதுவதற்கு இந்தத் திறமையே அடிப்படை. புத்தகத்தைப் படித்து இது வருவதில்லை. நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்த பிறகே கைவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், "எல்லோருக்கும் தெரிகிற அசைவு எனக்கு மட்டும் தெரியவில்லை" என்று அழுது, இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட முடிவு செய்திருந்தாள். அவளுடைய கல்லூரியில் ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவரும் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவளை மீட்டது அந்தப் பேச்சு அல்ல. மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தி மாலை நேரங்களில் ஆய்வகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மாதிரிக் கண்ணில் பவரை மாற்றி வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வாரங்கள் பழக்கினாள். இன்று அந்த மாணவி குழந்தைகளின் கண்களைப் பரிசோதிக்கும் பிரிவில் பணிபுரிகிறாள். ஆகவே, மாணவர் நலன் என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டிலும், வகுப்பு முடிந்த பின்பும் ஆய்வகம் திறந்திருக்குமா, முதலாண்டு மாணவருக்கு ஒரு சீனியரையும் ஓர் ஆசிரியரையும் பெயர் குறித்து ஒதுக்குகிறார்களா, ஒரு மேற்பார்வையாளரின் கீழ் கிளினிக்கில் எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்பவற்றையே நீங்கள் கேட்டறிய வேண்டும். 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் அங்கமாகச் சென்னையில் உருவான எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி என்று கண் மருத்துவத்தில் நீண்ட மரபுள்ள மாநிலம் நம்முடையது. இருந்தாலும், கண் மருத்துவமனையோடு நேரடித் தொடர்பில்லாத கல்லூரிகளும் இப்படிப்பை நடத்துகின்றன. அத்தகைய இடத்தில் பழகுவதற்கு நோயாளிகள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ரெட்டினோஸ்கோப், கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் ஆப்தல்மோஸ்கோப் போன்ற கருவிகளை மாணவர்களே வாங்க வேண்டும் என்று சில கல்லூரிகள் சொல்கின்றன. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது எதிர்பாராத செலவு. கருவிகளை இரவலாகத் தரும் ஏற்பாடு உண்டா, படிப்பை முடித்தவர்களிடமிருந்து வாங்க வழி உண்டா என்று சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். இன்னொன்றும் உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை மாணவர்கள் ஒருவருக்கொருவர் இட்டுப் பழகுவது வழக்கம். அதன்பின் சில மணி நேரம் அருகிலுள்ள எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். மறுநாள் தேர்வு இருந்தால் மறுக்கும் உரிமையும், அந்நிலையில் வண்டி ஓட்டாமல் விடுதிக்குத் திரும்பும் வசதியும் மாணவருக்கு இருக்க வேண்டும்.

மாணவர் சங்கம் என்றதும் படிப்பைக் கெடுக்கும் கூட்டம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். ஆப்டோமெட்ரியில் அந்த எண்ணம் பொருந்தாது. மார்ச் 23இல் உலக ஆப்டோமெட்ரி நாளையும், அக்டோபர் இரண்டாம் வியாழக்கிழமை உலகப் பார்வை நாளையும் ஒட்டி மாணவர்கள் நடத்தும் பள்ளி முகாம்களிலும் கிராம முகாம்களிலும்தான் அவர்கள் பலதரப்பட்ட கண்களைப் பார்க்கிறார்கள். உங்கள் மகளின் தமிழ் வழிக் கல்வி அங்கே பெரும் பலமாக மாறும். ஒரு பாட்டி வெள்ளெழுத்தைச் சொல்ல "சாளேசரம் வந்துடுச்சு" என்றாலோ, "கண்ணுல பூ விழுந்திருக்கு" என்றாலோ, அதைப் புரிந்துகொண்டு அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பவரே நல்ல பரிசோதகர். ஆங்கிலக் கலைச்சொற்களை அவள் ஓராண்டில் கற்றுக்கொள்வாள். அதற்கு உதவும் மொழி வகுப்பு கல்லூரியில் இருந்தால் இன்னும் நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காக உருவாக்கப்பட்டது. இதற்கும், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கான கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்கிறது. அதற்கெனப் பொறுப்பேற்றிருக்கும் ஊழியர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தகுதி இருந்தும் அலுவலகத்தின் கவனக்குறைவால் உதவியை இழந்த பிள்ளைகளைப் பார்த்து நான் மனம் வருந்தியிருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. கடிதத்தின் வரிகளுக்கிடையே அந்தக் கவலை தெரிந்தது. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் உண்டு. தேசிய உதவி எண் 1800-180-5522. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பயிற்சி ஆண்டில் மாணவிகளை வெளி மருத்துவமனைக்கோ கண்ணாடிக் கடைக்கோ அனுப்பும்போது, அங்கே பிரச்சினை எழுந்தால் கல்லூரியில் யாருக்குத் தெரிவிப்பது என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு வந்தால், கல்லூரிக்குள் பேசத் தயங்கும் பிள்ளைகள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம்.

வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விளம்பரப் பலகையில் உள்ள நிறுவனப் பெயர்களை விட்டுவிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் படிப்பை முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய மாணவர் சங்கம் உயிர்ப்போடு இருக்கும் கல்லூரியால் அதற்கு உடனே பதில் சொல்ல முடியும். 2021இல் இயற்றப்பட்ட தேசியச் சட்டம் ஆப்டோமெட்ரியை உடல்நலத் தொழில்களுள் ஒன்றாக அங்கீகரித்துப் பதிவு முறைக்கும் வழி செய்திருப்பதால், படிப்பின் அங்கீகாரத்தையும் அந்த அடிப்படையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கட்டணம் செலுத்துவதற்கு முன் ஒரு வேலை நாளில், புறநோயாளிகள் பிரிவு முடியும் பிற்பகல் நேரத்தில், மகளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் செல்லுங்கள். முதல்வரைச் சந்தித்த பிறகு, இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவரோடு உங்கள் மகளைத் தனியே பேசவிட்டு, நீங்கள் சற்றுத் தள்ளி அமருங்கள். பரிசோதனை வராமல் திணறியபோது யார் உதவினார்கள் என்று அவள் அவர்களிடம் கேட்கட்டும். அவர்கள் ஓர் ஆசிரியரின் பெயரையோ ஒரு சீனியரின் பெயரையோ தயங்காமல் சொன்னார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள்; விண்ணப்ப வேலைகளைச் சேர்ந்து பார்ப்போம்.