பழைய கடற்கரைத் தெருவில் ஒரு நாள்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் நானும் மனைவியும் சிங்கப்பூர் வருகிறோம். மகள் அங்கே வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. காலையில் இந்தியர் பேட்டையான தேக்கா, மதியம் சீனர் பேட்டையான சைனாடவுன், மாலையில் மலாய்க்காரர் பேட்டையான கம்போங் கிளாம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். அலைச்சல் அதிகமானால் சைனாடவுனை விட்டுவிடலாம், அங்கே நமக்கென்று என்ன இருக்கிறது என்கிறாள் மனைவி. உங்கள் யோசனை என்ன?

ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள ஐயா,

விடுவதானால் மற்ற இரண்டையும் விடுங்கள், சைனாடவுனை விடாதீர்கள். தேக்காவுக்கு எந்த மாலையிலும் போகலாம். சாப்பிடவும் பூ வாங்கவும் மகள் எப்படியும் அழைத்துப் போவாள். ஆனால் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, சைனாடவுனில் உள்ள தெலுக் ஆயர் ஸ்திரீட்டைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. சாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கத்தலம் உங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. இங்கே இருப்பது அவர் நினைவாகச் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கட்டடம். அதே வரிசையில் சற்றுத் தள்ளி தியான் ஹொக் கெங் கோயில், ஹொக்கியன் சீனர்கள் 1839-இல் தொடங்கி 1842-இல் கட்டி முடித்தது. அங்கே வீற்றிருப்பவள் மாஜு, கடலில் போகிறவர்களைக் காக்கும் தாய். இன்னும் சில அடி நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஓலை வேய்ந்த குடிசையாகத் தொடங்கியதால் தமிழர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றே அழைத்தார்கள்.

இவை மூன்றும் ஏன் ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தன? அங்கே நின்று பார்த்தால் விடை தெரியாது. சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள், சாப்பாட்டுக்கு இறங்கி வரும் கூட்டம். கடல் கண்ணுக்கே படாது. ஆனால் 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அலை அடித்தது இந்தத் தெருவின் ஓரத்தில்தான். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கால் வைத்த கரை இது. பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், கரையேறியதும் முதலில் நன்றி சொல்லத்தான் போயிருப்பார்கள். சீனர் மாஜுவிடம் போனார், நம்மவர் நாகூர் ஆண்டவரிடம் போனார். புயலில் மாட்டிய கப்பலை ஆண்டவர் காப்பாற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே அச்சம், ஒரே நன்றி, கூப்பிடு தூரத்தில் இரண்டு வாசல்கள். சிங்கப்பூரில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இதுதான்.

உங்கள் திட்டத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தியருக்கு ஒரு பேட்டை, சீனருக்கு ஒரு பேட்டை, மலாய்க்காரருக்கு ஒரு பேட்டை என்று பார்ப்பது, சிங்கப்பூரை ஆங்கிலேயத் துறைமுகமாக நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இல் வகுத்த நகரத் திட்டத்தின் கண்ணால் பார்ப்பது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த திட்டம் அது. சுற்றுலா விளம்பரங்கள் இன்றும் அந்தக் கோட்டின்மீதே நடக்கின்றன. மக்கள் அப்படி நடக்கவில்லை. சைனாடவுனின் நடுவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827 முதல் நிற்கிறது. 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்துப் பிழைத்த நாராயண பிள்ளை நிறுவியது. கோயிலுக்கு முதலில் கொடுத்த இடம் தெலுக் ஆயர்தான். பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லாததால் அங்கே கட்டவில்லை. அதே சாலையில் சில கட்டடங்கள் தள்ளி, 1826-இல் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களால் தோன்றிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். அங்கே வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில் நடக்கும். இதையெல்லாம் வைத்து இந்த ஊரில் சச்சரவே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 1964-இல் இனக் கலவரம் நடந்த ஊர் இது. பக்கத்தில் பக்கத்தில் கட்டியவர்கள் ஒற்றுமைக்குச் சின்னம் வைக்க நினைத்தவர்களும் அல்லர். நிலம் கிடைத்த இடத்தில், தண்ணீர் இருந்த இடத்தில் கட்டினார்கள். பிறகு இருநூறு ஆண்டுகளாக ஒருவர் மணியோசையை மற்றவர் கேட்டுக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிது.

ஆகவே காலையிலேயே தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது, உள்ளே கண்காட்சி உண்டு. தியான் ஹொக் கெங்கில் அவசரப்படாதீர்கள். அங்கிருந்து மாரியம்மன் கோயிலுக்கு மெதுவாக நடந்தாலும் பதினைந்து நிமிடம்தான். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

மாலையில் தெம்பு இருந்தால் வாட்டர்லூ ஸ்திரீட். சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் 1870-இல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அங்கே அருகருகே இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீன மூதாட்டிகள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். அவர்களைப் படம் எடுக்காமல் நீங்களும் பக்கத்தில் நின்று கும்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெயில் கடுமை. குடை அவசியம், மழைக்கும் அதுவே உதவும். எளிதில் கழற்றி மாட்டும் செருப்பாக அணிந்து வாருங்கள். விடுப்பு வெள்ளிக்கிழமையில் அமைந்தால் பள்ளிவாசல்களில் மதியத் தொழுகைக் கூட்டம் இருக்கும், அவற்றை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.