மூன்று நாட்களில் கிராமப் போதகர்களுக்கு எதைக் கற்பிக்கலாம்?

கேள்வி: திருப்பூரிலுள்ள எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் ஒரு வார காலம் சத்தியமங்கலம், அந்தியூர், தாளவாடி பகுதிகளுக்குச் சென்று, அங்கே ஊழியம் செய்யும் கிராமப் போதகர்களுக்குப் பயிற்சியும் ஊக்கமும் அளிக்க விரும்புகிறோம். எங்கள் சபையில் வளர்ந்து இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றுள்ள ஒரு சகோதரர் வந்து போதிக்கவும், செலவில் பங்கேற்கவும் முன்வந்திருக்கிறார். எப்போது செல்வது, எதைக் கற்பிப்பது, போதகர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று ஆலோசனை கூறுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன்பாகவே உங்களில் இருவர் சத்தியமங்கலத்துக்கு ஒருமுறை சென்று, நான்கைந்து போதகர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டால், தேடி வந்தவர்களின் மனம் கோணக் கூடாது என்பதற்காக நீங்கள் சொல்வதற்கெல்லாம் அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். “வார ஊழியத்தில் உங்களுக்கு மிகவும் பாரமாக இருப்பது எது?” என்று கேளுங்கள். மேய்ப்பர் பணியில் முறையான சம்பளம் பெறும் ஆயர்களின் நிலை வேறு; சுயாதீன சபைகளை நடத்துகிறவர்களில் பலர் வாரம் முழுவதும் விசைத்தறியிலோ, தோட்ட வேலையிலோ, பனியன் கம்பெனியிலோ உழைத்துவிட்டுச் சனிக்கிழமை இரவில்தான் ஞாயிறு பிரசங்கத்துக்கென்று வேதத்தைத் திறக்கிறார்கள். அவர்களுடைய தேவையும் அந்த இரவின் நெருக்கடியிலிருந்தே பிறக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் சனி, ஞாயிறு ஊழியமும் போக மீதமிருப்பவற்றில் செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்களே உகந்தவை. டிசம்பரில் வீடு வீடாகப் பாடிச் செல்லும் கீத பவனி, அடுத்து லெந்து என்னும் தவக்காலக் கூட்டங்கள், தை முதல் பங்குனி வரை மஞ்சள் அறுவடையும் வேகவைப்பும் என்று இப்பகுதியில் எவருக்கும் ஓய்விருக்காது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பொருத்தமானவை. மூன்று ஊர்களிலும் சுற்றி வர வேண்டாம்; ஓர் இடத்தில் மூன்று நாட்கள் தங்குங்கள். தாளவாடியிலிருந்து வருகிறவர்கள் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் இறங்கி வர வேண்டும். யானை நடமாட்டமும் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருப்பதால் அன்றாடம் வந்து போவது அவர்களுக்கு இயலாது, ஆகவே இரவு தங்கும் வசதியை முன்கூட்டியே செய்துவையுங்கள். மேலும், தாளவாடியிலும் அந்தியூரை அடுத்த பர்கூர் மலையிலும் கன்னடம் பேசுவோர் மிகுதி என்பதால், அங்குள்ள போதகர்கள் தமிழில் கற்றதைக் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கென்று குழு நேரத்தில் அவர்களை ஒன்றாக அமர்த்துங்கள்.

எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றே: ஒரே ஒரு நிருபத்தை, அதாவது புதிய ஏற்பாட்டிலுள்ள ஒரு கடிதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைத்துவம், சபை வளர்ச்சி, ஆலோசனை ஊழியம், நிதி மேலாண்மை என்று பத்துத் தலைப்புகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கும் பயிற்சிகள் குறிப்பேட்டை நிரப்புகின்றனவே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவுவதில்லை. இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தைப் பரிந்துரைக்கிறேன். நான்கு அதிகாரங்களும் 83 வசனங்களுமே கொண்ட அதை மூன்று நாட்களில் நிதானமாக வாசித்து முடிக்கலாம். முதிர்ந்த ஊழியரான பவுல் சிறையிலிருந்து இளைய ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதியது என்பதால், கற்பிப்பதும் தேற்றுவதும் அதில் ஒன்றாகவே நடக்கும்.

எடுத்துக்காட்டாக, நான்காம் அதிகாரத்தின் 9 முதல் 13 வரையிலான வசனங்களை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். விளக்கம் எதுவும் சொல்லாமல், பவுலை விட்டுப் போனவர்கள் யார், உடனிருப்பவர் யார், அவர் கேட்கும் பொருள்கள் எவை என்று மட்டும் கேளுங்கள். தேமா போய்விட்டான், லூக்கா மாத்திரம் உடனிருக்கிறான், மாற்குவை அழைத்துவரச் சொல்கிறார், துரோவாவில் கார்ப்புவிடம் வைத்துவந்த மேலங்கியும் புத்தகங்களும் தோற்சுருள்களும் வேண்டும் என்கிறார். பிறகு 21-ஆம் வசனத்துக்குப் போனால், மாரிகாலத்துக்கு முன் வரும்படி அவர் வருந்திக் கேட்பது தெரியும். மேலங்கி எதற்கு என்பதை அப்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். வசனத்தை வசனத்தைக் கொண்டே விளக்கும் முறையை இப்படிக் கைகூடச் செய்வது, அதைப் பற்றி அரைநாள் உரையாற்றுவதைவிடப் பயன் தரும். சபையை விட்டுப் போனவர்களைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் போதகர்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். அவ்வேளையில் அட்டவணையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்களைப் பேசவிட்டு, அங்கேயே ஜெபியுங்கள்.

பிற்பகல்களில் ஒவ்வொருவரும் அன்று படித்த பகுதியிலிருந்து 15 நிமிடப் பிரசங்கம் ஒன்றை ஆயத்தம் செய்து, நான்கு பேர் கொண்ட குழுவில் பேசட்டும். இந்தப் பகுதியின் மையச் செய்தி பிரசங்கத்தில் வந்ததா, தறி ஓட்டும் விசுவாசி ஒருவருக்கு அது விளங்குமா என்ற இரண்டை மட்டும் மற்றவர்கள் சொல்லட்டும். மூத்த போதகர் ஒருவரை முதலில் பேசச் சொல்லாதீர்கள். எல்லாருக்கும் முன்பாக அவர் திருத்தப்பட்டால் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். ஞானஸ்நான முறை, அந்நியபாஷை ஆகியவற்றில் சபைக்குச் சபை மாறுபாடு உண்டு என்பதால், அந்த விவாதங்களை இந்த மூன்று நாட்களுக்குள் கொண்டுவர வேண்டாம்.

போதகர்களின் மனைவிகளான பாஸ்டரம்மாக்களையும் அழையுங்கள், ஆனால் சமையலுக்கு அல்ல. பெண்கள் கூட்டத்தை நடத்துவதும், வீடு தேடி வருகிறவர்களின் கண்ணீரைக் கேட்பதும் பெரும்பாலும் அவர்களே. சமையலுக்குத் தனியாக ஆள் வைத்து, அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். சாதி வேற்றுமை தட்டும் தம்ளரும் வரை நீண்டிருந்த நாட்டில், உங்கள் குழுவுக்கென்று தனி மேசை போடப்படுவதை எவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்கச் சகோதரரைப் பற்றி மிகுந்த கவனம் தேவை. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம். பிரசங்கிக்கவோ மதக் கருத்துகளைப் போதிக்கவோ அனுமதி இல்லை. அதற்கு மிஷனரி விசா வேண்டும். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், 2021 மார்ச் மாத அரசு அறிவிக்கையின்படி மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். “நம் ஊர்ப் பையன்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?” என்று எண்ணாதீர்கள், சிக்கல் வந்தால் அவர் விமானம் ஏறிவிடுவார், காவல் நிலையத்துக்கு அலையப் போகிறவர் கிராமப் போதகரே. அனுமதி கிடைக்காவிட்டால், பயணத்துக்கு முன்பே உங்கள் ஆறு பேருக்கும் அந்த நிருபத்தைத் தம் ஊரிலிருந்தே கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவருக்கு அளியுங்கள்.

பணத்திலும் அப்படியே. அவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால், ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறாத சபை சமயப் பணிக்காக அதை வாங்கக் கூடாது. பதிவுபெற்ற அமைப்பு வாங்கி வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்துவிட்டது. ஆகவே செலவை உங்கள் சபையாரே ஏற்பது நல்லது. வரும் போதகர் ஒவ்வொருவரும் மூன்று நாள் கூலியை இழக்கிறார் என்பதை மறவாமல், பேருந்துக் கட்டணத்தோடு அதற்கு ஈடான ஒரு தொகையை, எல்லாருக்கும் சமமாக, அழைப்பிலேயே அறிவித்துக் கொடுங்கள். கடைசி நாளில் சிலருக்கு மட்டும் தனியாக உறை கொடுப்பது, கூடி வந்த போதகர்களுக்கிடையே நெடுநாள் ஆறாத மனக்கசப்பை விளைவிக்கும்.

இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரித் தம்பதியான ஜெசி பிராண்டும் அவர் மனைவி எவலின் பிராண்டும் கொல்லிமலையில் மக்களோடு வாழ்ந்தே ஊழியம் செய்தார்கள். ஜெசி 1929-இல் காய்ச்சலால் இறந்தார், எவலின் முதிய வயதிலும் மலைப்பகுதிகளை விடவில்லை. மூன்று நாள் பயணத்தால் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. ஏற்கெனவே அங்கேயே வாழும் போதகர்கள்தாம் அந்த இடத்தில் இருக்கிறார்கள். எனவே புறப்படும் முன், அருகருகே இருக்கும் நான்கு போதகர்களாகச் சேர்த்துக் குழுக்கள் அமைத்து, மாதம் ஒருமுறை செவ்வாய்க்கிழமையில் கூடி அடுத்த நிருபத்தை அதே முறையில் படிக்க அவர்களே ஒரு நாளைக் குறிக்கட்டும். உங்கள் ஆறு பேரில் ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்று, கூடிய மறுநாளே தொலைபேசியில் விசாரியுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் செல்வதானால், எந்த நிருபம் என்பதை அந்தக் குழுக்களே முடிவு செய்யட்டும். பாடம் நடத்துகிறவர்களில் இருவராவது அவர்களிலிருந்தே வரட்டும்.