மாத்திரையை மெல்லவா, மென்றா?

கேள்வி: பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளுக்காகப் பெற்றோருக்கு நோட்டீஸ் அடிக்கிறோம். மொழிபெயர்த்துத் தந்தவர் ‘மாத்திரையை மெல்ல விழுங்கவும்’ என்று எழுதியிருக்கிறார். ‘மென்று விழுங்கவும்’ என்று மாற்றச் சொன்னால், அதற்குப் பேசத் தயங்குவது என்றுதான் பொருள் என்கிறார். இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளும் படிப்பதால் ‘சப்பி’ என்று போடலாமா?

பதில்: ‘மென்று’தான் சரி, உடனே மாற்றுங்கள். அச்சுக்குப் போயிருந்தாலும் நிறுத்துங்கள். நீங்கள் கொடுக்கும் குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் பல்லால் அரைத்து விழுங்க வேண்டியது. ‘மெல்ல விழுங்கவும்’ என்று படிக்கிற அம்மா, ‘அவசரப்படாம முழுங்குடா’ என்றுதான் சொல்வார், பிள்ளை முழுசாகத் தள்ளும், தொண்டையில் சிக்கும்.

கொல், கொன்று, வெல், வென்று, அதே போல மெல், மென்று. அவ்வளவுதான் இலக்கணம். ‘முறுக்கை மெல்லப் பல் வேண்டாமா’ என்கிறபோது வருகிற ‘மெல்ல’வும் இந்த வினைதான், ஆனால் ‘விழுங்கு’ பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோர் காதிலும் ‘மெதுவாக’ என்றுதான் விழும். அப்புறம், தயக்கம் என்ற பொருள் வார்த்தையை மென்று விழுங்கும்போது வருவது. மாத்திரைக்கு என்ன தயக்கம்?

சொல்லுக்கு இவ்வளவு காசு என்று வாங்கிக்கொண்டு கணினியில் போட்டு எடுத்துத் தருகிறவர்களிடம் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம். கேட்டால் இலக்கணம் பேசி வாயடைப்பார்கள். திருத்திய படியில் ‘மெல்லும் மாத்திரை’ என்பதற்குப் பதில் ‘மெல்லிய மாத்திரை’ என்று வந்ததை நானே சிவப்பு மையில் அடித்திருக்கிறேன், அதுவும் மருந்து பற்றிய தாள். பிள்ளைகள் வாயில் போடுகிற விஷயத்தில்கூட அச்சுக்கு முன் ஒரு தமிழாசிரியரிடம் காட்ட வேண்டும் என்ற விதி இல்லை, கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதும் இல்லை. ‘கடித்து’ என்று மாற்றித் தந்தாலும் ஏற்காதீர்கள், இரண்டாகக் கடித்து அப்படியே விழுங்கிவிடுவார்கள்.

‘சப்பி’ விஷயம் நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் வெற்றிலையைச் சப்புவார்கள், இறைச்சியை ‘நல்லாச் சப்பிச் சாப்பிடு’ என்பார்கள், அது பல்லின் வேலை. நமக்கு இங்கே சப்புவது மிட்டாய், மாங்கொட்டை, அதில் பல்லுக்கு வேலையே இல்லை. ஒரே நோட்டீஸைப் படித்துவிட்டு ஒரே பெஞ்சில் ஒரு பிள்ளை அரைக்கும், பக்கத்துப் பிள்ளை நாக்கில் வைத்துக் கரைத்துக்கொண்டிருக்கும். அதனால் நோட்டீஸில் வேண்டாம். முகாம் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது வாயால் ‘சப்பி விழுங்குங்கோ’ என்று சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

இப்படிப் போடுங்கள்: ‘மாத்திரையைப் பல்லால் நன்றாக மென்று, தூளான பிறகு விழுங்கவும்.’ மெல்லத் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தர வேண்டும் என்பதையும் அடுத்த வரியில் சேருங்கள். கொடுக்கும் முன் ஆசிரியர் ஒரு பொரிகடலையை வாயில் போட்டு, சத்தம் கேட்கும்படி மென்று காட்டட்டும்.